கசங்கிய செப்புக்கோளம்

16 குதிரைகள் இழுத்தும் பிரியாத மக்டெபர்க் அரைக்கோளங்களைப் பாடநூல்கள் கொண்டாடுகின்றன. அவற்றுக்கு முன் தோற்றுப்போன செப்புக்கோளத்தைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. எனக்கென்னவோ அதுவே சுவையான கதை.

அந்நகர மேயர் ஓட்டோ வான் கெரிக் வெற்றிடம் உண்டாக்க முதலில் எடுத்தது மரப்பீப்பாய். நீரை இறைக்க இறைக்க மரத்தின் இடுக்குகள் வழியே காற்று சீறிக்கொண்டு புகுந்தது. அடுத்து செப்புக்கோளம். காற்றை இறைத்துக்கொண்டிருக்கையில் அது பெருஞ்சத்தத்துடன் கசங்கிப்போயிற்று. கோளம் சரியான உருண்டையாக இல்லாததே காரணம் என்றார் கெரிக். செம்பை ஐயுறாமல் வடிவத்தை ஐயுற்றாரே, அதுதான் வியப்பு. திருத்தமாகச் செய்த அடுத்த கோளம் தாங்கியது.

உள்ளழுத்தம் தகட்டின் கோணலை நிமிர்த்தும். வெளியழுத்தமோ அதை வளர்க்கும். ஆகவே உள்ளே பத்து வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கும் கலன்கூட, வெற்றிடமானதும் வெளியேயுள்ள ஒரே வளிமண்டலத்துக்கு நசுங்கிவிடக்கூடும்.

இரு நூற்றாண்டு கழித்து, 1858இல், மான்செஸ்டரின் வில்லியம் ஃபேர்பேர்ன் கொதிகலனுக்குள் செல்லும் புகைக்குழாய்களைப் போன்ற குழாய்களை வெளியிலிருந்து அழுத்தி நசுக்கிப் பார்த்தார். நீளம் இரட்டித்தால் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாயிற்று. அதுவரை நீளத்தை எவரும் பொருட்படுத்தியதில்லை. இடையிடையே வளையம் பூட்டுங்கள் என்றார் அவர். வெற்றிடக் கலன்களைச் சோதிப்போர் இன்றும் விட்டம், தடிமனோடு வளையங்களின் இடைவெளியையும் கணக்கிடுகிறார்கள்; உருளை எங்கே எவ்வளவு கோணியிருக்கிறது என்றும் அளக்கிறார்கள்.