பந்தியும் தடுப்பும்

காவிரியின் தென்கரையில், திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் நோக்கிச் செல்வோர்க்கு முத்தரசநல்லூரைக் கடந்ததும் எதிர்ப்படும் ஊர் ஜீயபுரம். பங்குனித் திருவிழாவின்போது திருவரங்கத்து நம்பெருமாள் இவ்வூருக்கு எழுந்தருளுவது வழக்கம். அதற்கு ஒரு கதை சொல்வர். ஆற்றுக்கு நீராடச் சென்ற பேரன் திரும்பாதிருக்க, அவனையே எண்ணிக் கலங்கியிருந்த கிழவியின் இல்லத்திற்கு அரங்கனே பேரன் உருவில் வந்து, அவள் இட்ட எளிய உணவை உண்டு பசியாறினானாம். திருச்சி வட்டாரத்தில் வாழ்வோர் எச்சமயத்தவராயினும் இக்கதையைக் கேளாதிருத்தல் அரிது. இடுபவளுக்கும் உண்பவனுக்கும் இடையே சுவரொன்று அதில் இல்லை என்பதை மட்டும் நாம் குறித்துக் கொள்வோம்.

அதே ஊரின் வழியாக 1860களில் இருப்புப்பாதை வந்தது. பயணச்சீட்டுக்கு வகுப்பு உண்டு; சாதி இல்லை. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் யார் அருகில் யார் அமர்வது என்பதை எவராலும் வரையறுக்க முடியவில்லை. ஆனால் வண்டி பெரிய நிலையமொன்றில் நின்று, பயணிகள் பசியோடு இறங்கியதும், பெட்டிக்குள் இல்லாத சுவர்கள் சிற்றுண்டிச் சாலைக்குள் எழுந்து நின்றன. பிராமணர்க்கு ஓர் இடம், ஏனையோர்க்கு ஓர் இடம். வட இந்திய நிலையங்களிலோ தண்ணீரே இரண்டாகப் பிரிந்து, ‘இந்துத் தண்ணீர்’, ‘முஸ்லிம் தண்ணீர்’ என்று கூவி வழங்கப்பட்டது. ஒரே கிணற்றில் இறைத்த நீர்தான். குடத்தில் ஏறியதும் அதற்குச் சமயம் வந்துவிட்டது!

கட்டடக் கலை என்றவுடன் மினாராக்களையும் கோபுரங்களையுமே நாம் எண்ணுகின்றோம். ஓர் உணவுச்சாலையின் தரைப்படமும் வரலாற்று ஆவணமே என்பது நம் கருத்து. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்து நகரங்களில் பெருகிய காப்பிக் கடைகளை எடுத்துக் கொள்ளுங்கள். காசு கொடுத்தால் முன்பின் அறியாதவர் சமைத்ததை முன்பின் அறியாதவரோடு அமர்ந்து உண்ணலாம் என்பது அந்நாளில் புதுமை, பலருக்கு அச்சமுங்கூட. அந்த அச்சத்தைப் போக்கவே கடைக்காரர்கள் ஒவ்வொன்றையும் எண்ணி அமைத்தனர். பிராமணர் சமைத்ததை எல்லாச் சாதியாரும் உண்பர் என்பதால் சமையல்காரரின் சாதி பெயர்ப்பலகையில் ஏறிற்று. பிராமணர்க்கென்று உள்ளே தனியிடம் ஒதுக்கப்பட்டது. வாழையிலை உண்டதும் எறியப்படுவது. எச்சில் பற்றிய ஐயத்திற்கு அங்கே இடமில்லை. விளிம்பு மடிந்த தம்ளரை உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக் கொள்ளலாம். தவறாவில் ஆற்றியும் குடிக்கலாம். இன்று நாம் அழகென்று போற்றும் அந்தப் பித்தளை இணையின் வடிவில் தீட்டைப் பற்றிய கவலையும் கலந்திருக்கின்றது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளிலோ ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று தனிக் குவளை வைக்கப்பட்டது. இரட்டைக் குவளை முறை என்னும் அக்கொடுமை, சட்டங்கள் வந்த பின்னரும் பல ஊர்களில் தொடர்ந்தது.

உணவு உண்ணும் இடத்தைப் பிரித்தமை அரசியலையே பிளந்த கதையும் திருச்சியோடு தொடர்புடையது. இந்நகரின் வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர், விடுதலை வீரர், பெரும்புலவர். 1922இல் சேரன்மாதேவியில் அவர் அமைத்த குருகுலத்தில் பிராமணச் சிறுவர் சிலர் பெற்றோர் விருப்பத்தின்படி தனியே உண்டனர். காங்கிரஸ் நிதி பெற்ற நிறுவனத்தில் இது தகுமா என்று வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. இராமசாமியும் கேட்ட கேள்வி தமிழ்நாட்டையே உலுக்கிற்று. ஐயர் 1925 சூன் மாதம் பாபநாசம் அருவியில் உயிரிழந்தார். அதே ஆண்டில் ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டு வெளியேறினார். ஐயர் தாம் வேறுபாடு பாராதவர் என்றே அவரை அறிந்தோர் கூறுவர். நல்லவர் ஒருவர் பெற்றோரின் மனம் நோகாதிருக்க விட்டுக்கொடுத்த சிறு ஏற்பாடு அது; எனினும் தனியே உண்ணச் சென்றவனைப் பார்த்திருந்த மற்றச் சிறுவனுக்கு அது சிறியதன்று.

இரயில்வே உணவுச்சாலைகளில் பிராமணர், ஏனையோர் என்ற பிரிவினை கிளர்ச்சிக்குப் பின் 1941இல் நீங்கியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் கடைகளையும் உணவு விடுதிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, சமயம், சாதி முதலியவற்றைக் காட்டி எவரையும் தடுத்தலாகாது என்றது. சுவர் போயிற்று, பலகை நின்றது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ‘பிராமணாள்’ என்னும் சொல்லைப் பலகையிலிருந்து அகற்றக் கோரி ஓர் உணவு விடுதியின் முன் நடந்த மறியல் மாதக்கணக்கில் நீடித்தது. நூற்றுக்கணக்கானோர் சிறை புகுந்தனர். அச்சொல் திருவரங்கத்தில் ஒரு கடைப் பலகையில் மீண்டும் தோன்றி எதிர்ப்பைக் கிளப்பியது 2012இல் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இங்கே நம் பக்கமும் திரும்பிப் பார்த்தல் முறை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் திருமண விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றிச் சிலர் அமர்ந்து உண்ணும் வழக்கத்தை நாம் பெருமையோடு பேசுகின்றோம். பேசத் தக்கதே. அகன்ற தட்டு ஒன்று, அதைச் சுற்றிக் கைகள் சில; தடுப்பு வைக்க அதில் இடமில்லை. ஆயினும், பெரிய மனிதர்க்கென்று உள்ளறையில் தனி விரிப்பும், தெருவில் நிற்கும் ஏழைக்குக் கடைசிப் பந்தியும் நம் வீடுகளில் இருந்ததில்லையா? நம் பிரியாணிக் கடைகளில் பெண்கள் அமரும் ‘குடும்ப அறை’யையும் இதே கண்ணால் பார்க்கலாம். நிம்மதியாக உண்ண அவர்களுக்கு ஓர் இடம் தேவை என்பது மெய். பல கடைகளில் அந்த அறைக்கு மட்டும் சன்னல் இல்லாதது ஏனென்று ஆண்கள் கேட்டதில்லை.

வேறு விதமாகவும் எண்ணியவர் உண்டு. காப்பி வாரியம் தன் காப்பி விடுதிகளை மூடியபோது வேலையிழந்த ஊழியர்கள், ஏ.கே. கோபாலன் வழிகாட்ட, 1950களின் பிற்பகுதியில் கூட்டுறவுச் சங்கங்களாய்த் திரண்டனர். திருவனந்தபுரம் தம்பானூரில் அவர்களுக்காக லாரி பேக்கர் கட்டிய விடுதி செங்கல்லால் ஆன சுருள். சாய்தளம் ஒன்று சுற்றிச் சுற்றி மேலேறுகின்றது. மேசையும் இருக்கையும் சுவரோரமாகக் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டவை. இழுத்துப் போட்டுத் தனியிடம் அமைக்க இயலாது. சுவரெங்கும் துளைகள், காற்றும் வெளிச்சமும் எல்லா மேசைக்கும் வருகின்றன. சுருளில் தலைமை இருக்கை என்று ஒன்று இல்லை. பேருந்து நிலையத்திலிருந்து மூட்டையோடு வருபவரும் அலுவலரும் எந்த இடம் காலியோ அங்கே அமர்ந்து காப்பி குடிக்கின்றனர்.