வண்டியா, பேட்டரியா?

சேலையூரில் ஒரு நண்பர் இருக்கிறார். ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் நாலு வருஷம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு போன் செய்தார். அந்த நேரத்தில் போன் வந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதானே நினைப்போம்? இவருக்கு வந்திருந்தது கார் ஜுரம்!

"சார், 2021 மாடல். எலெக்ட்ரிக். ஷோரூம்ல ஒரு கோடி ரூபா வண்டி சார். பாதிக்கும் கீழ சொல்றான். முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலை. உள்ளே உட்கார்ந்தா ஏரோப்ளேன் மாதிரி இருக்கு. வாங்கலாமா?"

"ரெண்டு நாள் டைம் கொடுங்க" என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். நீங்களும் தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் இருந்துகொண்டு இப்படி ஒரு 'பாதி விலை'க் காரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கலாம் அல்லவா?

முதலில், தாம்பரத்துக்கும் பேட்டரிக்கும் உள்ள பழைய உறவைச் சொல்லிவிடுகிறேன். பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது 1931-ல். அப்போது மீட்டர் கேஜ். சவுத் இண்டியன் ரயில்வே கம்பெனிக்காரர்கள் அந்தப் பாதைக்காக இங்கிலாந்திலிருந்து சில மின்சார எஞ்ஜின்களையும் வரவழைத்தார்கள். மேலே கம்பி இருக்கும்வரை கவலையில்லை. கம்பி போடாத சைடிங்குக்குள் கூட்ஸ் வண்டியைத் தள்ள வேண்டுமென்றால்? எஞ்ஜினுக்குப் பின்னால் ஒரு தனிப் பெட்டியைக் கோத்தார்கள். பெட்டி முழுக்க பேட்டரி! கம்பி இல்லாத இடத்தில் எஞ்ஜின் அதிலிருந்து கரென்ட் எடுத்துக்கொள்ளும். அந்த எஞ்ஜின்களில் ஒன்று டெல்லி ரயில் மியூசியத்தில் இன்றைக்கும் நிற்கிறது.

பேட்டரி என்றால் இழுத்துக்கொண்டு திரிய வேண்டிய ஒரு சுமை என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. மின்சாரக் காரின் கதையும் அந்தச் சுமையின் கதைதான்.

கதை எப்போது ஆரம்பிக்கிறது என்கிறீர்கள்? உலகத்திலேயே முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய கார் எது தெரியுமா? பெட்ரோல் கார் அல்ல. 1899-ல் காமில் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியம்காரர் பாரீஸ் அருகே ஓட்டிக் காட்டிய மின்சாரக் கார். பார்க்க சக்கரம் வைத்த பீரங்கிக் குண்டு மாதிரி இருக்கும். பிறகு அமெரிக்காவில் 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' வந்தது. பணக்கார வீட்டுப் பெண்மணிகளின் செல்ல வண்டி. சத்தமில்லை, புகையில்லை, முக்கியமாக முன்னால் போய் நின்று கைப்பிடியைச் சுழற்றி ஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் பெட்ரோல் கார் விற்றாரே ஹென்றி ஃபோர்டு, அவர் மனைவி கிளாரா ஓட்டிக்கொண்டிருந்தது 1914-ம் வருஷத்து டெட்ராய்ட் எலெக்ட்ரிக்!

அந்தக் கைப்பிடித் தொல்லையை 1912-ல் காடிலாக் கார் ஒழித்தது. சார்லஸ் கெட்டரிங் கண்டுபிடித்த செல்ஃப் ஸ்டார்ட்டர். பொத்தானை அமுக்கினால் பெட்ரோல் எஞ்ஜின் ஓடும். உள்ளே அதைச் சுழற்றிவிடுவது எது? ஒரு குட்டி பேட்டரியும் ஒரு குட்டி மின்சார மோட்டாரும்! மின்சாரக் காரைக் கொன்றதில் ஒரு மின்சார மோட்டாருக்கும் பங்கு உண்டு என்பது வேடிக்கைதான். ஃபோர்டின் மலிவு விலை மீதியைப் பார்த்துக்கொண்டது.

அந்தக் காலத்து அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரின் மின்சாரக் கம்பெனி ஒரு காரியம் செய்தது. என் நண்பரின் கேள்விக்குப் பாதி பதில் அதில் இருக்கிறது.

ஜனங்கள் மின்சார வண்டி வாங்கத் தயங்குவது ஏன் என்று யோசித்தார்கள். வண்டி கெட்டுப்போகாது. மோட்டார் பாட்டுக்கு வருஷக்கணக்கில் சுற்றும். கெட்டுப்போவது பேட்டரி. அப்படியென்றால் வண்டியை மட்டும் விற்போம், பேட்டரி நம்முடையதாகவே இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். வண்டிக்காரர் எத்தனை மைல் ஓட்டினாரோ அதற்குக் காசு, கூடவே மாதாமாதம் ஒரு சின்னத் தொகை. சார்ஜ் தீர்ந்தால் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம். பேட்டரி செத்தால் கம்பெனியின் தலைவலி. 1910 முதல் 1924 வரை இது நடந்தது. 2024-ல் நம் ஊரில் எம்.ஜி. கம்பெனி 'விண்ட்சர்' காரை 'பேட்டரிக்குக் கிலோமீட்டர் வாடகை' என்று விற்க ஆரம்பித்தபோது எல்லோரும் என்னவோ புதுசு என்று பேசினார்கள். நூறு வருஷப் பழசு!

மின்சாரக் காரில் வண்டி வேறு, பேட்டரி வேறு. இரண்டின் ஆயுளும் வேறு வேறு. புது வண்டி வாங்குகிறவருக்கு இது அவ்வளவாக உறைக்காது. பழசு வாங்குகிறவருக்கு இதைத் தவிர வேறு விஷயமே கிடையாது. லெதர் சீட்டைத் தடவிப் பார்க்கிறோம், கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்க்கிறோம். நாம் உண்மையில் விலை கொடுத்து வாங்குவது காலடியில், தரைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் படுத்திருக்கிறது.

அது என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு நிஸான் 'லீஃப்' காரைக் கேளுங்கள். 2010-ல் வந்த நல்ல கார். ஆனால் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு கிடையாது. ஜப்பானில் பிரச்னையில்லை. அமெரிக்காவின் அரிஸோனா பாலைவன வெயிலில் என்ன ஆயிற்று? 2012-லேயே டாஷ்போர்டில் பேட்டரி கொள்ளளவைக் காட்டும் கோடுகள் ஒவ்வொன்றாக அணைய ஆரம்பித்தன. கூச்சல், வழக்கு. கடைசியில் கம்பெனி கொள்ளளவுக்கே உத்தரவாதம் கொடுத்தது, வெயில் தாங்கும் புது பேட்டரியும் போட்டது. நம்ம ஊர் மே மாதத்தை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறதா? கொஞ்சம் ஆறுதல் சொல்கிறேன். இங்கே செகண்ட் ஹேண்டில் வரும் சொகுசு மின்சாரக் கார்கள் - மெர்சிடிஸ் இ.க்யூ.சி., ஆடி இ-ட்ரான், ஜாகுவார் ஐ-பேஸ், பி.எம்.டபிள்யூ. ஐ.எக்ஸ். - எல்லாமே பேட்டரியைச் சுற்றித் திரவம் ஓடவிட்டுக் குளிர்விக்கிறவை. லீஃப் கதை இவற்றில் அப்படியே நடக்காது.

நடக்கக்கூடியது வேறு. அதற்கு அரிஸோனா வரை போக வேண்டாம். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் கொஞ்சம் தெற்கே வாருங்கள்.

பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு அங்கே பிறந்ததுதான். 1985-ல் அவர்கள் ஒரு சொகுசுக் கார் கொண்டுவந்தார்கள். 'ஸ்டாண்டர்டு 2000.' இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் அச்சு. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய வண்டி அது! அம்பாஸடரும் ஃபியட்டும் ஓடிக்கொண்டிருந்த ரோட்டில் அது திரும்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். உடம்புதான் ரோவர். உள்ளே போட்டது பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு வம்சத்தில் வந்த 1991 சி.சி. எஞ்ஜின். குதிரைக்குப் பட்டு விரித்து உள்ளே கழுதையை நிறுத்திய கதை. வேகமும் இல்லை, மைலேஜும் இல்லை. மூன்று வருஷம் தாங்கவில்லை. 1988 வாக்கில் தொழிற்சாலை மூடப்பட்டது.

வாங்கியவர்கள்? அவர்கள்தான் என் கதாநாயகர்கள். காசை எண்ணிக் கொடுத்து ஊரிலேயே பெரிய காரை வாங்கியவர்கள், ஒரு நாள் காலையில் பார்த்தால் அதைச் செய்த கம்பெனியே இல்லை. ஸ்பேர் பார்ட்ஸ் இல்லை, பேர் சொல்ல ஆள் இல்லை. மிஞ்சிக் கிடந்த உதிரி பாகங்களை இங்கிலாந்தில் பழைய ரோவர்களுக்கு ஸ்பேர் விற்கும் ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிக்கொண்டது. வண்டலூர் சாமான் கப்பலேறி சீமைக்குப் போய்விட்டது, வண்டலூர்க்காரர் புதுப்பேட்டையில் தேடிக்கொண்டிருந்தார்!

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், நண்பர் சொன்ன ரகக் கார்களின் ஜாதகத்தைப் பாருங்கள். மெர்சிடிஸ் இ.க்யூ.சி. இந்தியாவுக்கு வந்தது 2020 அக்டோபரில், ஏறக்குறைய ஒரு கோடிக்கு. 2023-ல் உலகம் முழுக்க உற்பத்தி நிறுத்தம். ஜாகுவார் ஐ-பேஸ் 2021-ல் வந்தது. 2024-ல் அதற்கும் மூடுவிழா. பழைய சில ஐ-பேஸ்களை பேட்டரி தீப்பிடிக்கும் பயத்தால் அமெரிக்காவில் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்ததும் அதே வருஷம்தான். ஆடி இ-ட்ரான் செய்த பிரஸ்ஸல்ஸ் தொழிற்சாலை 2025 பிப்ரவரியில் கதவைச் சாத்தியது. விலை பாதியாவதற்குக் காரணம் வண்டி மோசம் என்பதல்ல. அதைவிட அதிக தூரம் ஓடும் புது மாடல்கள் வந்துவிட்டன, இறக்குமதி வரியோடு கொடுத்த விலையை இரண்டாவது ஆள் தரமாட்டார், பேட்டரி மாற்ற நேர்ந்தால் என்ன ஆகுமோ என்ற பயம் வேறு. மூன்றும் சேர்ந்து அமுக்குகின்றன.

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். ஸ்டாண்டர்டு மாதிரி இவர்கள் ஓடிப்போகவில்லை. மாடல் போயிற்றே தவிர கம்பெனி இருக்கிறது. பி.எம்.டபிள்யூ. 2007 முதல் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலேயே தொழிற்சாலை வைத்திருக்கிறது. 2025-ல் ஐ.எக்ஸ்.1 என்ற மின்சாரக் காரையும் அங்கேயே செய்ய ஆரம்பித்தது. பேட்டரிக்குப் பெரும்பாலான கம்பெனிகள் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகின்றன. 2021-ல் பதிவான வண்டிக்கு அது 2029-ல் முடியும். என் கட்சி இதுதான்: உத்தரவாதத்தில் முழுசாக மூன்று வருஷமாவது மிச்சமில்லாத சொகுசு மின்சாரக் காரை, பாதி விலை என்ன, கால் விலைக்குக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்.

நண்பரிடம் மூன்று பேப்பர் கேட்கச் சொன்னேன். ஒன்று, உத்தரவாதம் எந்தத் தேதிவரை, கைமாறினாலும் தொடருமா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரிலிருந்து எழுத்தில். வாய்வார்த்தை வேண்டாம். இரண்டு, பேட்டரியின் இப்போதைய கொள்ளளவு எத்தனை சதவீதம் என்ற ரிப்போர்ட். அதையும் சர்வீஸ் சென்டரில்தான் எடுக்க வேண்டும். டாஷ்போர்டில் 'இன்னும் 350 கிலோமீட்டர் போகும்' என்று காட்டுவதை நம்பாதீர்கள். அது கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதைப் பொறுத்து மாறும் ஜோசியம். ரீகால் வேலைகள் முடிந்தனவா என்பதையும் அந்த ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

(நடுவில் வரி விஷயம். ஜி.எஸ்.டி. ரோட்டுக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. புரிய வேண்டாமா? 2024 டிசம்பரில் பழைய மின்சாரக் கார்களுக்கான வரியை 12-லிருந்து 18 சதவீதமாக்கினார்கள். அது வியாபாரி விற்கும்போது, அவருடைய லாபத்தின் மீது மட்டும். ஒரு தனி நபர் இன்னொரு தனி நபருக்கு விற்றால் கிடையாது. 'முழு விலைக்கும் 18 பர்சென்ட் சார்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.)

மூன்றாவது பேப்பர், இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் சரித்திரம். நம் பக்கத்துக்காரர்களுக்கு மற்ற இரண்டையும்விட முக்கியம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி இருந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கத்தைப் புரட்டிப்போட்டது. 2024 அக்டோபரில் மழை வருகிறது என்ற செய்தி கேட்டதுமே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அது பைத்தியக்காரத்தனம் அல்ல, அனுபவம்.

மின்சாரக் காரின் பேட்டரி தரையோடு தரையாக இருக்கிறது. 'ஐ.பி.67 சார், தண்ணியே புகாது' என்பார்கள். அந்த 67-க்கு என்ன அர்த்தம்? ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். அரை மணி நேரம்! முடிச்சூரில் தண்ணீர் நின்றது நாள் கணக்கில். வண்டியைத் துடைத்து, சென்ட் அடித்து, புது மிதியடி போட்டுவிடலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து முகர்ந்து பாருங்கள். சீட்டுக்கு அடியில் இரும்புச் சட்டத்தில் துரு, கார்ப்பெட்டுக்குக் கீழே வண்டல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். சந்தேகம் வந்தால் வேறு வண்டி பாருங்கள்.

நண்பர் சமர்த்து. மூன்றையும் கேட்டார். உத்தரவாதக் கடிதம் இரண்டே நாளில் வந்தது. பேட்டரி ரிப்போர்ட்டும் வந்தது, மோசமில்லை. அபார்ட்மென்ட் செயலாளரைப் பிடித்து பார்க்கிங்கில் சார்ஜர் வைக்கக்கூட அனுமதி வாங்கிவிட்டார். மூன்றாவது பேப்பர் மட்டும் வரவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த விலாசம் பள்ளிக்கரணை.

"2023 டிசம்பர் 4-ம் தேதி வண்டி எங்கே நின்னுது?" என்று விற்கிறவரிடம் கேட்டிருக்கிறார்.

"கேட்டுச் சொல்றேன் சார்" என்றாராம். மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.