தோளில் வாங்கிய உதை

துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் குண்டு முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி அவ்வளவுதான். வேட்டை நூல்கள் முன்னால் பாய்ந்த குண்டைப் பற்றி மட்டுமே பேசுவதாகத்தான் முதல் வாசிப்பில் தோன்றும். சற்றுக் கூர்ந்து படித்தால், பின்னால் வந்த உதையைப் பற்றியும் அவை நிறையவே பேசுவது தெரியவரும். அதுவும் குறைப்பட்டுக்கொண்டு அல்ல. முரட்டுக் காளையைப் பற்றி அதை வளர்த்தவன் பேசுவதுபோல, ஒருவிதப் பெருமிதத்தோடு. தோளைப் புண்ணாக்கும் ஒரு கருவியை மனிதர்கள் ஏன் இவ்வளவு விரும்பினார்கள்? தென்னிந்திய, இலங்கைக் காடுகளின் வேட்டை வரலாற்றை இந்தக் கேள்வியின் வழியாக அணுகிப் பார்க்கலாம்.

முதலில் தேவை என்ற ஒன்று உண்மையாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேட்டைக்காரரிடம் இருந்தவை கருமருந்தும் ஈயக் குண்டும். கருமருந்தின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு, ஈயமோ மென்மையானது. யானையின் மண்டையோடு தேன்கூடுபோல அறையறையாக அமைந்த எலும்பு. அதைத் துளைத்துச் செல்ல, வேகத்தில் இல்லாததை எடையில் ஈடுகட்ட வேண்டியிருந்தது. எனவே குழல்கள் பருத்தன. ஒரு பவுண்டு ஈயத்தில் குழலின் விட்டத்துக்கு எத்தனை உருண்டைகள் வார்க்கலாம் என்பதைக் கொண்டே அன்று துளையின் அளவைச் சொன்னார்கள். ‘நாலு போர்’ என்றால் பவுண்டுக்கு நான்கு உருண்டை. ஓர் உருண்டை ஏறத்தாழ 113 கிராம். இன்றைய ராணுவத் துப்பாக்கியின் குண்டு ஒன்று பெரும்பாலும் பத்து கிராமைத் தாண்டாது என்பதை நினைவில் கொண்டால் இந்த எண்ணின் பொருள் விளங்கும்.

இலங்கைக்கு இந்த ரகத் துப்பாக்கியோடு வந்து சேர்ந்தவர்களில் முக்கியமானவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் நைல் நதிப் பயணங்களால் உலகப் புகழ் பெற்ற அதே பேக்கர்தான். 1848-ல் நுவரெலியாவில் பண்ணை அமைத்து, 1855 வரை அங்கிருந்தார். 1840-ல் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பவரிடம் தாமே திட்டமிட்டுச் செய்வித்த அவருடைய துப்பாக்கியின் எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ. குண்டு மூன்று அவுன்ஸ். கூம்பு வடிவக் குண்டானால் நான்கு. ஒரு தடவை சுட 28 கிராம் கருமருந்து. பிறகு ஆப்பிரிக்கப் பயணத்துக்கென ஹாலண்ட் நிறுவனத்தில் அரை பவுண்டு வெடிகுண்டைச் செலுத்தும் ஒரு துப்பாக்கியை வாங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பேபி’. உடன் வந்த அரபியர் அதை பீரங்கியின் பிள்ளை என்றார்களாம். சுட்டால் அது தம்மைக் காற்றாடிபோலச் சுழற்றிவிடுவதையும், தம் துப்பாக்கிக்குத் தாமே அஞ்சியதையும், தம் ஆட்கள் எவராலும் அதைச் சுட முடியாததையும் பேக்கர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆனாலும் அதைக் கைவிட அவருக்கு மனமில்லை. அச்சமும் செல்லமும் ஒரே பெயரில் சேர்ந்து கிடக்கின்றன.

இந்தப் பெருமிதத்தின் மறுபக்கம் எண்ணிக்கை. யானைகளைக் கொன்றதற்கு அரசே வெகுமதி கொடுத்த காலம் அது. மேஜர் ராஜர்ஸ் என்ற அதிகாரி இலங்கையில் சுமார் 1400 யானைகளைக் கொன்றதாகக் கணக்கு. அவர் 1845-ல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். தமிழ்நாட்டின் பக்கம் வந்தால், சத்தியமங்கலம் மலைகளுக்கு வடக்கே சாமராஜநகரில் 1874-ல் யானைக் கூட்டத்தை வளைத்துப் பிடித்த சாண்டர்சனும் பெருந்துளைத் துப்பாக்கியின் ஆதரவாளரே. 1878-ல் வெளியான அவருடைய நூல் யானையின் இயல்புகளைப் பற்றி இன்றும் படிக்கத்தக்கது. 1850-களில் ஆனைமலைத் தேக்குக் காடுகளில் பணியாற்றிய டக்ளஸ் ஹாமில்டன் ஓவியரும் கூட. ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளின் வேட்டைக் குறிப்புகளைத் தொகுத்த அவருடைய நூல் 1892-ல் வெளிவந்தது. திருப்பூரிலிருந்து தெற்கே உடுமலைப்பேட்டையைக் கடந்தால் எதிரே எழும் மலைத்தொடர்தான் அந்த ஆனைமலை. பனியன் நகரத்து நமக்கு வேட்டை வரலாறு தூரத்துச் செய்தி அல்ல. மாவட்டத்தின் தென் எல்லையே அதுதான்.

1890-களில் கார்டைட் என்னும் புகையற்ற மருந்து வந்ததும் காட்சி மாறியது. 1898-ல் ரிக்பி நிறுவனம் .450 ‘நைட்ரோ எக்ஸ்பிரஸ்’ தோட்டாவை வெளியிட்டது. குண்டின் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது; துளைக்கும் ஆற்றலோ கூடியது. இங்கே நம் நாட்டு வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. கார்டைட் சூட்டில் மிகை அழுத்தம் தரும். சுட்ட தோட்டாவின் உறை குழலுக்குள் சிக்கிக்கொண்டால், எதிரே நிற்கும் காட்டெருது காத்திருக்காது. ஆகவே மருந்துக்கு இடம் தாராளமாக உள்ள நீண்ட பெரிய உறைகளை வடிவமைத்து, அழுத்தத்தைக் குறைவாக வைத்தார்கள்.

அரசியலுக்கும் பங்கு உண்டு. ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் கிளர்ச்சியாளர் கையில் இருந்தன. அவற்றுக்குக் குண்டு கிடைத்துவிடக் கூடாதென்று, 1907 வாக்கில் .450 அளவுத் தோட்டாக்கள் இந்தியாவுக்குள் வருவதைப் பிரிட்டிஷ் அரசு தடை செய்தது. துப்பாக்கிக் கம்பெனிகள் சளைக்கவில்லை. தடையைத் தாண்டும் அளவுக்கு மட்டும் விட்டத்தை மாற்றி .465, .470, .475, .476 என்று வரிசையாக இறக்கின. இன்றும் ஆப்பிரிக்க வேட்டைகளில் பெயர்பெற்ற .470, குடியேற்ற அரசின் அச்சத்தால் பரவலான ஓர் அளவு என்பதை அதைக் கையில் எடுப்பவர்கள் எல்லோரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

உதை எவ்வளவு? .470 குண்டின் எடை 32 கிராம். வேகம் நொடிக்கு 655 மீட்டர். ஐந்து கிலோ எடையுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி அதைச் செலுத்தும்போது தோளில் இறங்கும் ஆற்றல், பழைய .303 ராணுவத் துப்பாக்கியினுடையதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். உதையைக் குறைக்க எளிய வழி துப்பாக்கியின் எடையைக் கூட்டுவது. எடையைக் கூட்டினால் மலையேறித் தூக்கிச் செல்ல முடியாது. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. உதையை ஒருமுறை வாங்கிய உடல், அடுத்த முறை விசையை அழுத்தும் கணத்திலேயே சுருங்கிக் கண்ணை மூடிக்கொள்கிறது, குறி தவறுகிறது. ஆற்றல் மிக்க ஆயுதமே குறி தவறுவதற்குக் காரணமாகிவிடுகிறது.

அப்படியானால் இவ்வளவு பெரிய குழல் தேவைதானா? ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், அவற்றில் பெரும்பாலானவற்றை .275 என்ற சிறு துப்பாக்கியால், பதினோரு கிராம் குண்டால் கொன்றார். யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று படித்து வைத்திருந்தார் அவர். குமாவுன் காடுகளின் ஜிம் கார்பெட்டும் .450/400 இரட்டைக்குழலோடு ஒரு .275-ஐயும் வைத்திருந்தார். நெருக்கத்தில் பாய்ந்துவரும் விலங்கை நிறுத்தப் பெருந்துளை உதவும் என்பது மெய். ஆனால் தேவை மட்டுமே காரணமென்றால் பெல்லுக்குப் பிறகு இந்த மோகம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. ஆகவே காரணத்தைக் கருவிக்கு வெளியே தேட வேண்டியிருக்கிறது.

நம் வாசகர்கள் நன்கறிந்த கென்னத் ஆண்டர்சனை எடுத்துக்கொள்வோம். 1910-ல் பிறந்து 1974-ல் மறைந்த இந்தப் பெங்களூர்வாசி, அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த ஜவளகிரி முதல் நீலகிரியின் சீகூர் வரை அலைந்தவர். அவர் கையில் இருந்தது ஆங்கிலேயக் கனவான்களின் விலையுயர்ந்த இரட்டைக்குழல் அல்ல; .405 வின்செஸ்டர் என்னும் அமெரிக்கத் துப்பாக்கி. 1909 ஆப்பிரிக்கப் பயணத்தில் தியோடர் ரூஸ்வெல்ட் கொண்டாடிய அதே ரகம். எடை குறைவு, அடிக்கட்டையில் இரும்புத் தகடு, உதை கடுமை. இதைவிட வசதியான துப்பாக்கிகள் வந்த பிறகும் ஆண்டர்சன் தம் பழந்துணையையே நம்பினார். அந்தப் பற்றில் அந்தஸ்து இல்லை, பழக்கம் இருக்கிறது. ஒரு கருவியின் குறைகளைத் தன் உடலாலேயே கற்றுத் தேர்ந்தவனுக்கு அந்தக் குறைகளே அதன் குணமாகிவிடுகின்றன. பழைய தறியை விட மறுக்கும் நெசவாளியிடமும் இதைப் பார்க்கலாம். இந்த இன்பம் பொய்யானது என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருக்கிறது என்பது என் எண்ணம். உதை, சுடுபவனை வலியில் ஒரு பங்காளியாக்குகிறது. கன்றிப்போன தோள், ‘நானும் விலை கொடுத்தேன்’ என்று அவனுக்குச் சொல்கிறது. வேட்டை நூல்களில் தோள்வலி பத்தி பத்தியாக விவரிக்கப்படுவதும், குண்டு பட்டுத் தப்பியோடிய விலங்கின் வலி ஒரு வரியில் முடிந்துவிடுவதும் தற்செயலானவை அல்ல. அந்த ஒன்பது கிலோவை மலைமேல் சுமந்து சென்றவர்களின் தோள் பல நூல்களில் ஒரு வரிகூடப் பெறுவதில்லை. துப்பாக்கி ஐரோப்பியரின் கைக்கு வந்தது சுடும் நேரத்தில் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் அது வேறு ஒருவரின் தோளில் இருந்தது. காடர், மலசர், முதுவர், சோளகர், குறும்பர் என அந்த மலைகளின் மக்கள் வழிகாட்டிகளாகவும் சுமப்பவர்களாகவும் இருந்தார்கள். இந்த வகையில் ஆண்டர்சன் சற்று வேறுபட்டவர். அவருடைய நூல்களில் பைரா என்ற பூசாரி இனத்தவருக்கும் ரங்காவுக்கும் பெயரும் குணமும் குரலும் உண்டு.

நம் மரபில் ஆயுதத்தின் வலிமையைப் பாடியவர்கள் இல்லாமல் இல்லை. கொல்லிமலை ஓரியின் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி, உடும்பு என ஊடுருவிச் சென்றதை வன்பரணர் புறநானூற்றில் பாடுகிறார். ‘வல்வில்’ என்ற அடைமொழியே கனத்த வில்லின் புகழ்தான். பெருந்துளைத் துப்பாக்கிக்காரர்கள் கனவு கண்ட ஊடுருவும் ஆற்றல் அது. ஆனால் வள்ளுவர் ‘படைச்செருக்கு’ அதிகாரத்தில் வேறொரு அளவுகோலை வைக்கிறார். முயலைத் தப்பாமல் வீழ்த்திய அம்பைவிட, யானையைக் குறிவைத்துத் தவறிய வேலை ஏந்துவதே இனிது என்கிறார். அங்கே பெருமை கருவியின் வலிமையில் இல்லை. எதிரியின் பெருமையிலும், தோல்வியை ஏற்கும் துணிவிலும் இருக்கிறது. கொங்கு நாட்டில் கிடைக்கும் புலிகுத்திக் கற்களும் இதையே காட்டுகின்றன. வேலின் நீளத்துக்குள் புலியை எதிர்கொண்டு, பெரும்பாலும் உயிரையே விலையாகக் கொடுத்தவனுக்கு எழுப்பிய கல் அது. கன்றிய தோளையும் அந்தக் கல்லையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

சட்டம் மெல்ல மெல்ல நெருங்கியது. சென்னை மாகாணம் 1873-ல் காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. 1877-ல் நீலகிரியில் வேட்டைக்காரர்களே சங்கம் கூடினார்கள். 1879-ல் அங்கே வேட்டை விலங்குகளுக்கான சட்டம் வந்தது. வேட்டையாட விலங்கு மிஞ்ச வேண்டுமே என்ற கவலைதான் அன்று பாதுகாப்பின் தொடக்கம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு பொழுதுபோக்கு வேட்டையின் காலம் முடிந்தது. 1977-ல் யானை அதன் முதல் அட்டவணையில் சேர்ந்தது.

2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் பிடிக்கப்பட்ட சின்னத்தம்பி என்ற யானையை ஆனைமலைக் காட்டில் விட்டார்கள். அது காட்டைவிட்டு வெளியேறி, திருப்பூர் மாவட்டத்தில் உடுமலைப் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குள் வந்து நின்றது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பென்றால், பயிரை அழிக்கும் யானை என்று அறிவித்து ஒரு துரையையும் ஒரு .470-ஐயும் வரவழைத்திருப்பார்கள். இம்முறை வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. யானைக்காக மக்கள் குரல் கொடுத்தார்கள். பிப்ரவரி 15 அன்று கால்நடை மருத்துவர்கள் மயக்க ஊசி செலுத்தி, கும்கிகளின் துணையோடு அதைப் பிடித்தார்கள். பிடித்தது சரியா, முகாமில் அடைத்துக் கும்கியாக்கியது நியாயமா என்ற விவாதம் தனி. மயக்க ஊசித் துப்பாக்கி அழுத்தப்பட்ட வாயுவால் இயங்குவது. அதில் உதை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. சுட்டவரின் தோளில் தழும்பும் இல்லை, சொல்லிப் பெருமைப்பட ஒரு கதையும் இல்லை. ஆனைமலையின் நூற்றெழுபது ஆண்டுத் துப்பாக்கி வரலாற்றில் யானை உயிரோடு எழுந்து நின்ற அத்தியாயம் அந்த உதையற்ற துப்பாக்கியினுடையது.