சோழி விளைந்த கரை: மாலத்தீவு வரலாற்றில் ஒரு பார்வை

மாலத்தீவு என்றதும் இன்றைய தலைமுறையினரின் நினைவுக்கு வருவது வெண்மணற் கரையும், அதையொட்டி எழுந்த உல்லாச விடுதிகளுமே. ஆனால் அந்நாட்டில் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது 1972ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அக்கரை மக்களின் தொழிற்கூடமாகவும் கருவூலமாகவும் விளங்கியது. அங்கு நடந்த தொழில்கள் எவை, அவற்றின் பலன் எங்கெங்கு சென்று சேர்ந்தது என்பதைப் பயண நூல்களின் துணைகொண்டு இங்கு காண்போம்.

திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் 14ஆம் வசனம் கடலின் அருட்கொடைகளை வரிசைப்படுத்துகிறது. உண்பதற்குரிய புதிய இறைச்சி, அணிவதற்குரிய ஆபரணம், நீரைக் கிழித்துச் செல்லும் கப்பல் ஆகியவற்றைக் கூறி, மனிதர் நன்றி செலுத்துவதற்காகவே இவை என்று நிறைவு செய்கிறது. மாலத்தீவின் கரை இவ்வசனத்திற்கு எழுதப்பட்ட விரிவுரை போன்றது. மீனும், சோழியும், கப்பலைத் தைக்கும் கயிறுமே அதன் முப்பெரும் செல்வங்கள்.

அரபு நூல்களில் மாலத்தீவு

ஹிஜ்ரி 237இல் (கி.பி. 851) தொகுக்கப்பட்ட, வணிகர் சுலைமானின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் பயணக் குறிப்பு, இத்தீவுகளின் செல்வம் சோழியே என்கிறது. நீர்மட்டத்திற்கு வரும் சோழிகள் தென்னங்கீற்றுகளில் ஒட்டிக்கொள்ள, மக்கள் அவற்றைச் சேகரித்தனர் என்றும் அது விளக்குகிறது. அல்பிரூனி இத்தீவுகளைச் சோழித் தீவுகள் என்றும் கயிற்றுத் தீவுகள் என்றும் இரண்டாகப் பகுத்தார். கரையில் கிடைத்த பொருளும் கரையில் செய்யப்பட்ட பொருளுமே நாட்டிற்குப் பெயராயின.

ஹிஜ்ரி 548இல் (கி.பி. 1153) இந்நாட்டு மன்னர் இஸ்லாத்தைத் தழுவினார். அதுபற்றி இப்னு பதூதா கேட்டறிந்த மரபுக்கதையும் கடற்கரையிலேயே நிகழ்கிறது. மாதந்தோறும் கடலிலிருந்து வரும் ஜின்னுக்காகக் கரையோரச் சிலைக்கோயிலில் ஒரு கன்னிப்பெண்ணை விட்டுவருவது வழக்கமாம். ஒருமுறை அப்பெண்ணுக்குப் பதிலாக அபுல் பரகாத் யூசுப் என்னும் பெரியார் சென்று குர்ஆன் ஓதினார். ஜின் கடலுக்குள் மறைந்தது. அப்பெரியாரை இப்னு பதூதா ‘பர்பரீ’ என்கிறார். மாலத்தீவு வரலாற்று நூல்களோ ‘தப்ரீஸி’ என்கின்றன. புள்ளியிடாத அரபு எழுத்தில் இவ்விரு சொற்களும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றுவதை அரபு கற்றோர் அறிவர்.

கரையின் மூன்று தொழில்கள்

1343ஆம் ஆண்டில் இத்தீவுகளை அடைந்த இப்னு பதூதா, தலைநகர் மாலேயில் காஸியாகப் பணியாற்றினார். சட்டத்தை மட்டுமன்றி மக்களின் தொழிலையும் அவர் கூர்ந்து நோக்கினார்.

முதலாவது மீன். செந்நிறச் சதை கொண்ட ஒரு மீனை நான்காக வெட்டி, இலேசாக வேகவைத்து, ஓலைக்கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிட்டு உலர்த்துவர் என்கிறார். அது இந்தியா, சீனா, யமன் நாடுகளுக்கு ஏற்றுமதியானது. திவேஹி மொழியில் ‘மஸ்’ என்றால் மீன். நம் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ‘மாசி’ என்று வழங்குவது இம்மீனே.

இரண்டாவது கயிறு. தேங்காய் மட்டையைக் கரையோரக் குழிகளில் ஊறவைத்து, கட்டையால் அடித்து நாராக்குவர். அதைப் பெண்கள் கயிறாகத் திரிப்பர். இந்திய, யமன் கப்பல்களின் பலகைகள் இக்கயிற்றால் தைக்கப்பட்டன. இந்தியக் கடலில் பாறைகள் மிகுதி. ஆணி அறைந்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்துவிடும். கயிற்றால் தைத்த கப்பலோ வளைந்துகொடுக்கும். இப்னு பதூதா கூறும் காரணம் இதுவே.

மூன்றாவது சோழி. உயிருள்ள சோழிகளைக் கடலிலிருந்து எடுத்து மணற்குழிகளில் இடுவர். சதை அழுகியபின் வெண்ணிற ஓடு எஞ்சும். 1602இல் கப்பல் உடைந்து இங்கு ஒதுங்கி, 1607வரை தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், இவ்வேலையைச் செய்தவர்கள் பெண்கள் என்கிறார். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில், இடுப்பளவு நீரில் நின்று அவர்கள் சோழி சேகரித்தனர். அரசர்களின் பெயர்களைக் குறித்துவைத்த வரலாறு இப்பெண்களில் ஒருவர் பெயரையும் குறிக்கவில்லை.

சோழி சென்ற வழி

மாலத்தீவில் 4 இலட்சம் சோழி ஒரு பொன் தீனாருக்கு விற்றது. சில வேளைகளில் இதனினும் மலிவாகவும் கிடைத்தது. வங்காளத்தார் அரிசி கொடுத்து அதை வாங்கித் தம் நாட்டில் நாணயமாக வழங்கினர். யமன் மாலுமிகள் மணலுக்குப் பதிலாக அதைக் கப்பலின் அடிப்பாரமாக இட்டனர். பின்னர் 1352-53இல் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிற்குச் சென்ற இப்னு பதூதா, அங்கே 1,150 சோழி ஒரு பொன் தீனாருக்கு விற்கக் கண்டார். கரையில் இருந்ததைவிட ஏறத்தாழ 350 மடங்கு விலை! அந்த இலாபத்தில் இடுப்பளவு நீரில் நின்றவளுக்குக் கிடைத்தது சிறிதளவு அரிசியே.

வரலாறு இத்துடன் நிற்கவில்லை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக்காரர் இலங்கை வழியாகவும், ஆங்கிலேயர் வங்கக் கடல் துறைமுகங்கள் வழியாகவும் மாலத்தீவுச் சோழியைப் பெருமளவில் வாங்கினர். அதுவும் அடிப்பாரமாகவே ஏற்றப்பட்டு ஆம்ஸ்டர்டாமுக்கும் இலண்டனுக்கும் சென்றது. அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரையை அடைந்து, மனிதர்களை விலைக்கு வாங்கும் நாணயங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாறு விற்கப்பட்டு அமெரிக்கக் கண்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டோரில் தொழுகையறிந்த, குர்ஆன் ஓதக் கற்ற முஸ்லிம்களும் இருந்தனர். ஒரு முஸ்லிம் நாட்டின் கரையில் முஸ்லிம் பெண்கள் சேகரித்த சோழி, வேறொரு கரையில் முஸ்லிம்களின் கழுத்துக்கே விலையானது.

இதை ஐரோப்பியரின் குற்றமாக மட்டும் எழுதிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. மாலியிலிருந்து மொரோக்கோவுக்குத் திரும்பியபோது தாம் சென்ற வணிகக் கூட்டத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்ததாக இப்னு பதூதாவே எழுதுகிறார். மாலத்தீவிலும் அவர் அடிமைப் பெண்களை வைத்திருந்தார். சோழியின் விலையைத் துல்லியமாகக் கணக்கிட்ட அந்த அறிஞரின் கண்ணுக்கு இதில் உறுத்தல் ஏதும் தெரியவில்லை. முஸ்லிம் வணிகத்தின் பரப்பை எண்ணிப் பெருமைகொள்ளும் நாம் இப்பக்கத்தையும் மூடாமல் படித்தல் வேண்டும்.

நன்றியின் பொருள்

சோழி சேகரித்த பெண்கள் அது சென்று சேர்ந்த இடத்தை அறிந்திருக்க வழியில்லை. அவர்கள்மீது பழியும் இல்லை. ஆனால் அறியக்கூடிய நிலையில் இருப்போரின் பொறுப்பு வேறு. கடலின் கொடைகளை எண்ணிக் காட்டும் வசனம் நன்றியில் முடிகிறது. நன்றி நாவளவில் நின்றுவிடுவதன்று. நம் கைக்கு வந்த பொருள் யாருடைய உழைப்பால் வந்தது, நம் கையைவிட்டுச் சென்றபின் யாரை என்ன செய்கிறது என்று கேட்பதும் நன்றியின் பகுதியே. அல்பலத் அத்தியாயம், கடத்தற்கரிய மலைப்பாதை எது என வினவி, முதலாவதாகக் கூறும் விடை அடிமையின் கழுத்தை விடுவித்தல் என்பதாகும்.

இன்று மாலத்தீவுக் கரையில் சோழி நாணயம் இல்லை. வேறு வணிகம் அங்கே நடக்கிறது. வேறு நாட்டு ஏழைகள் கூலிக்கு உழைக்கிறார்கள். அம்மணலில் ஓய்வெடுக்கச் செல்லும் நம் இளைஞர்கள், தம் காலடியில் கிடக்கும் சிற்றோட்டைக் கையிலெடுத்துப் பார்க்கும்போது, அதைச் சேகரித்தவளையும் அதற்கு விற்கப்பட்டவனையும் ஒருகணம் நினைத்துப் பார்க்கட்டும். படிப்பினை பெறுவோருக்கு அச்சிற்றோட்டிலும் அத்தாட்சி உண்டு.