இனிஷியலுக்குப் பின்னால்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண், தான் எழுதும் நிரல்களை இரண்டே எழுத்துகளில் பதிவு செய்கிறாள். ஒன்று அப்பாவின் இனிஷியல், மற்றது தன் பெயரின் முதலெழுத்து. முழுப் பெயர் இல்லை, படமும் இல்லை.

“ஏம்மா, உன் பேரு நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டேன்.

“முழுப் பேர் போட்டா, ‘இது நீயே எழுதினதா?’ன்னு கேக்கறாங்கக்கா. இனிஷியல் போட்டா கோடை மட்டும் பாக்கறாங்க.”

அவள் கணக்கில் தவறில்லை. பொதுவில் பகிரப்படும் நிரல்களைப் பற்றி 2017இல் வெளியான ஓர் ஆய்வும் இதைத்தான் சொன்னது. ஒரு திட்டத்துக்குள் வெளியிலிருந்து வரும் பெண்களின் நிரல், எழுதியவர் பெண் என்று தெரியாதபோது அதிகமாக ஏற்கப்பட்டது. தெரிந்தபோது குறைவாக ஏற்கப்பட்டது.

நான் பதினான்கு ஆண்டுகளாகச் சென்னையில் இணையதளங்களும் கைபேசிச் செயலிகளும் எழுதுகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பெரிய வேலையாகத் தெரியும். உள்ளே பெரும்பாலும் சில்லறைத் தொல்லைகள்தான். ஆங்கிலத்தில் ஒழுங்காக நிற்கும் பொத்தான், தமிழுக்கு மாற்றியதும் ‘சமர்ப்பிக்கவும்’ என்ற நீளமான சொல்லைத் தாங்காமல் உடைந்துவிடும். விலை உயர்ந்த போனில் ஓடும் பக்கம், விலை குறைந்த போனில் விசைப்பலகைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ஒருமுறை செயலி வெளியாவதற்கு முந்தைய இரவு இப்படி ஒரு கோளாறு வந்தது. இரண்டு மணி வரை விழித்திருந்து கண்டுபிடித்தேன். திருத்தம் ஒரே வரி. மறுநாள் பாராட்டு மின்னஞ்சலில் நான்கு ஆண்களின் பெயர் இருந்தது, மற்றவர்கள் ‘குழுவினர்’. மாலையில் கேக் வெட்டிப் பங்கிடும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்தேன்.

அந்த வாரம்தான் எனியாக் பெண்களைப் பற்றி வாசித்தேன்.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்துக்குப் பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்ற கணக்குகள் தேவைப்பட்டன. ஃபிலடெல்ஃபியாவில் கணிதம் படித்த இளம்பெண்கள் பலர் இதைக் கையாலும் கணக்கு இயந்திரத்தாலும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்களின் பதவிப் பெயரே ‘கம்ப்யூட்டர்’. ஒரு குண்டின் பாதையைக் கணக்கிட முப்பது மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். அதை நொடிகளில் முடிக்க எனியாக் என்ற மின்னணு இயந்திரத்தைக் கட்டினார்கள். அதற்குக் கணக்கைப் புகட்ட ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: கேத்லீன் மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன்.

கையேடு எதுவும் கிடையாது. தொடக்கத்தில் இயந்திரம் இருந்த அறைக்குள் நுழையவும் அனுமதி கிடையாது. சுற்று வரைபடங்களை மட்டும் பார்த்து அதன் உள்வேலையைக் கற்றார்கள். பிறகு கம்பிகளை மாற்றிச் செருகியும் சுவிட்சுகளைத் திருப்பியும் கணக்கை அதனுள் ஏற்றினார்கள்.

1946 பிப்ரவரியில் எனியாக் உலகுக்குக் காட்டப்பட்டது. செயல்விளக்கத்துக்கான நிரலை ஜென்னிங்ஸும் ஸ்னைடரும் தயாரித்தார்கள். முந்தைய இரவு ஒரு கோளாறு. கணக்கில் குண்டு தரையைத் தொட்ட பிறகும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. விடை தெரியாமலே வீட்டுக்குப் போன ஸ்னைடருக்குத் தூக்கத்தில் அது பிடிபட்டது. காலையில் வந்து ஒரு சுவிட்சைத் திருப்பினார். விளக்கம் பெரும் வெற்றி. அன்றிரவு நடந்த கொண்டாட்ட விருந்துக்கு அந்தப் பெண்களுக்கு அழைப்பு இல்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்துக் கேத்தி கிளைமன் என்ற மாணவி அந்தப் பழைய படங்களைப் பார்த்து, “இந்தப் பெண்கள் யார்?” என்று விசாரித்தார். குளிர்சாதனப் பெட்டி விளம்பரத்தில் நிற்பவர்களைப் போல, அழகுக்காக நிறுத்தப்பட்டவர்கள் என்று பதில் வந்தது. அவர் விடாமல் தேடியதால்தான் ஆறு பெயர்களும் இன்று நமக்குத் தெரிகின்றன.

இயந்திரத்தைக் கட்டுவதே மூளை வேலை, அதற்குக் கட்டளை எழுதுவது எழுத்தர் வேலை என்று அன்று நினைத்தார்கள். அதனால்தான் அதைப் பெண்களிடம் கொடுத்தார்கள். நிரலாக்கத்தில் பணமும் மதிப்பும் இருப்பது தெரிந்ததும் அது ஆண்களுக்கு இயல்பான வேலை ஆகிவிட்டது. “டெஸ்டிங்குக்கு லேடீஸ்தான் சரி, பொறுமையா பாப்பாங்க” என்று எங்கள் அலுவலகத்தில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஃபிலடெல்ஃபியா நினைவுக்கு வரும்.

இனிஷியலுக்கும் ஒரு முன்கதை உண்டு. ஸ்டெஃபனி ஷெர்லி 1939இல் நாஜிகளிடமிருந்து தப்ப, ஐந்து வயதில் ரயிலேறி பிரிட்டனுக்கு வந்த யூதக் குழந்தை. வளர்ந்து நிரல் எழுதக் கற்றார். வேலையில் ஓர் அளவுக்கு மேல் உயர வழியில்லை என்று கண்டதும், 1962இல் ஆறு பவுண்டு முதலோடு வீட்டிலேயே ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். திருமணம், குழந்தை என்று வேலையை விட்ட பெண்களைத் தேடிச் சேர்த்தார். முதல் 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள்.

அவர்கள் சமையலறை மேசையில் பென்சிலால் நிரல் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போது குழந்தையின் சத்தம் கேட்கக் கூடாதென்று, தட்டச்சு ஓசையைப் பதிவு செய்து பின்னால் ஓடவிட்டார் ஷெர்லி. கொரோனா காலத்தில் வீடியோ கூட்டத்தின் நடுவே குழந்தை எட்டிப் பார்த்துவிடாதபடி கதவைத் தாழிட்ட நமக்கு அந்தப் பதற்றம் நன்றாகவே புரியும். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலையும் இந்தப் பெண்கள்தான் எழுதினார்கள்.

ஆனால் தொடக்கத்தில் ஷெர்லி எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரைப் போட்டுப் பார்க்கும்படி கணவர் சொன்னார். ‘ஸ்டீவ் ஷெர்லி’ என்று கையெழுத்திட்டதும் பதில்கள் வந்தன. நேரில் போய் நின்றபோதுதான் ஸ்டீவ் ஒரு பெண் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

நாம் தினமும் தட்டுகிற ‘.காம்’, ‘.கவ்’ போன்ற முகவரி முடிவுகளை இணையத்துக்குக் கொண்டுவந்தது, கலிஃபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய குழு. கைபேசிகளின் சில்லுகள் பெரும்பாலும் ஏ.ஆர்.எம். வகையைச் சேர்ந்தவை. 1985இல் கேம்பிரிட்ஜில் முதன்முதலாக இயங்கிய அந்தச் சில்லின் கட்டளைத் தொகுப்பை வடிவமைத்தவர் சோஃபி வில்சன், ஒரு திருநங்கை. ஆனால் அதே 1980களில் வீட்டுக்கணினி, பையன்களின் விளையாட்டுப் பொருளாக விளம்பரம் செய்யப்பட்டது. அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் அந்தப் பத்தாண்டின் நடுவில் 37 சதவீதம். 2010களில் 18 சதவீதம். பெண்களுக்கு இந்த மூளை கிடையாது என்று யாராவது சொன்னால், 1984க்குப் பிறகு மூளை எங்கே போனது என்று கேளுங்கள்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பெயரை மாற்று என்று மட்டும் சொல்லவில்லை. ஷெர்லிக்கு ஸ்டீவ் தேவைப்பட்டது. இவளுக்கு இனிஷியல் தேவைப்படுகிறது. அது அவளுடைய குற்றமல்ல.

எனக்கென்று ஒரு வேலை உண்டு. இப்போதெல்லாம் செயலி வெளியாகும்போது, எந்தத் திருத்தத்தை யார் செய்தார்கள் என்று பதிவேட்டிலிருந்து எடுத்துப் பட்டியலிட்டு அனுப்புகிறேன். எல்லாருடைய பெயரும் அதில் இருக்கும். போன மாதம் அனுப்பும் முன் அவளிடம் கேட்டேன்: “உன் பேரை எப்படிப் போடட்டும்?”

கொஞ்சம் யோசித்தாள். “முழுசாவே போடுங்கக்கா” என்றாள்.