தேடிப்போனது ஆண்களை, வந்து உட்கார்ந்தது பெண்கள்

இன்னைக்கு எபிசோட் ஒரு கடிதத்தில் இருந்து தொடங்குகிறது.

1966 மே மாதம். வடக்கு தான்சானியாவில், கென்யா எல்லைக்குக் கொஞ்சம் தெற்கே லோலியொண்டோ என்று ஒரு ஊர். அங்கே இருந்த கத்தோலிக்க மிஷனில் வேலை பார்த்த அமெரிக்கப் பாதிரியார் வின்சென்ட் டோனவன், தன் பிஷப்புக்கு எழுதுகிறார். கிட்டத்தட்ட கணக்கு ஒப்படைக்கிற மாதிரி ஒரு கடிதம். மிஷன் வந்து ஏழு வருடம் ஆச்சு. நாலு நல்ல பள்ளிக்கூடம் கட்டியாச்சு. ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடக்குது. மாசாய் மக்களோட நல்ல பழக்கம், மாடுகளைப் பத்தி மணிக்கணக்கா பேச்சு. ஆனால் சாமியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரியவர்களில் ஒருத்தர்கூட விசுவாசி ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளும் வெளியே போனதும் கோயில் பக்கம் திரும்பவில்லை.

அதனால் அவர் ஒரு அனுமதி கேட்டார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதிலும் சேராமல், நேராகப் போய் மாசாய் மக்களிடம் கடவுளைப் பற்றிப் பேசணும். அவ்வளவுதான்.

மாசாய் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுற்றுலா விளம்பரத்தில் சிவப்புத் துணி போர்த்தி, கையில் ஈட்டியோடு நிற்பார்களே, அவங்கதான். படத்தில் பெரும்பாலும் ஆண்தான் நிற்பார். இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

மிஷனரிகள் அங்கே போனது டோனவன் காலத்தில் இல்லை, அதற்கு ரொம்ப முன்னாடி. கிளிமஞ்சாரோ பக்கம் ஜெர்மன் லூத்தரன்கள் 1893-லேயே வந்துவிட்டார்கள். அனுப்பியது லைப்சிக் மிஷன். நம்ம தரங்கம்பாடியில் 1840-களில் இருந்து வேலை செய்த அதே லைப்சிக் மிஷன்தான். 1896-ல் மேரு மலை அடிவாரத்தில் அவர்களுடைய இளைஞர்கள் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் மலைச்சரிவில் விவசாயம் செய்த சாகா மக்களிடம் சபை வேகமாக வளர்ந்தது. சமவெளியில் மாட்டோடு நகர்ந்துகொண்டே இருந்த மாசாயிடம் வளரவில்லை. இன்னைக்கு இங்க இருப்பாங்க, மழை தவறினா வேற எங்கேயோ. கோயிலை எங்க கட்டுறது?

அதற்குக் கண்டுபிடித்த பதில்தான் பள்ளிக்கூடம். பையன்களைப் பிடித்து வைத்துப் படிக்கவைத்தால் நாளைக்குக் குடும்பத் தலைவர்கள் ஆவார்கள், குடும்பமே பின்னால் வரும் என்று கணக்கு. நாலு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தர்க்கம் இதுதான். அந்தக் கணக்குதான் பொய்த்தது என்று டோனவன் எழுதினார்.

அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு போமாவாகப் போனார். போமா என்றால் முள்வேலி போட்ட வட்டமான குடியிருப்பு. நடுவில் மாடுகள், சுற்றி வீடுகள். வீட்டைக் கட்டுவது பெண்கள், சாணியும் மண்ணும் குழைத்துப் பூசி. வாரம் ஒரு நாள் என்று ஒரு வருடம் பேசினார். ஒரு பெரியவர் அவரைத் திருப்பிக் கேட்டாராம்: இதுக்காகத்தான் வந்தீங்கன்னா, இத்தனை வருஷம் ஏன் சொல்லாம இருந்தீங்க? பாதிரியாரிடம் அதற்குப் பதில் இல்லை.

ஒரு ஊர் மக்கள் ஒரு வருடம் கேட்டுவிட்டு, எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் அதை ஏற்றுக்கொண்டு போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று எழுதினார். 1960-களின் மிஷனரி ஒருத்தர் இதை எழுதினார் என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

இன்னொரு ஊரில் நடந்தது இதைவிட முக்கியம். வகுப்பு முடிந்தது. சரியாக வராதவர்கள், புரியாதவர்கள் சிலரை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று நினைத்தார். ந்தாங்கோயா என்ற பெரியவர் குறுக்கே வந்தார். எங்களை ஏன் பிரிக்கிறீங்க, புரிஞ்சவங்க புரியாதவங்களைச் சேர்த்துத் தூக்கிக்கிட்டுத்தான் வந்திருக்காங்க என்ற பொருளில் வாதாடினார். கடைசியில் எல்லோருக்கும் ஞானஸ்நானம் நடந்தது.

பூசையிலும் மாசாய் வழக்கம் உள்ளே வந்தது. அவர்களுக்குப் புல் சமாதானத்தின் அடையாளம். மாடு தின்பது புல், ஆகவே உயிரே புல்தான். ஒரு கைப்பிடி புல்லை ஊர் முழுக்கக் கைக்குக் கை மாற்றுவார்கள். சண்டை தீராத யாராவது வாங்க மறுத்தால் அன்றைக்குப் பூசை கிடையாது. அப்புறம் ஒரு சிக்கல். மாசாய் ஆண்கள் பெண்கள் முன்னால் சாப்பிடக்கூடாது. நற்கருணையோ எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற சடங்கு. சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். அந்த ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசிச்சுப் பாருங்க.

டோனவன் 1973-ல் அமெரிக்கா திரும்பினார். 1978-ல் அவர் எழுதிய புத்தகம் வந்தது. இறையியல் படிக்கிற பலர் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். ரொம்ப நல்ல புத்தகம். ஆனால் அதில் நம் மனதில் நிற்கிற மாசாய் குரல்கள் பெரும்பாலும் ஆண்களுடையது. பேசுகிறவர், வாதாடுகிறவர், ஊருக்காக முடிவு சொல்கிறவர் எல்லாம் அவங்கதான்.

இப்போ கதையின் அடுத்த பாதி. டோரதி ஹாட்ஜ்சன் என்ற மானுடவியலாளர், 1980-களில் அருஷா மறைமாவட்டத்தின் வளர்ச்சி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பிறகு அதே பகுதியில் ஆய்வு செய்து 2005-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் பார்த்தது எளிமையான விஷயம். மாசாய் ஊர்க் கோயில்களுக்குள் போனால் பெஞ்சு நிறையப் பெண்கள். ஆண்கள் ரொம்பக் குறைவு. மிஷனரிகளோ பல வருடமாகக் குறிவைத்தது ஆண்களை. பெண்கள் அதிகமாக வருவது அவர்களில் சிலருக்கு வருத்தமாகக்கூட இருந்தது. ஆண்கள் வராத இடம் உண்மையான சபையா என்று யோசித்தார்கள்.

பெண்கள் ஏன் வந்தார்கள்?

ஒரு காரணம், ஓர்பேகோ. 1950-களில் இருந்து மாசாய் பெண்களிடம் பரவலாகத் தெரிய ஆரம்பித்த ஒரு பிடிப்பு. உடம்பு நடுங்கும், நெஞ்சு கனக்கும், ஏதோ ஆவி பிடித்த மாதிரி இருக்கும். ஆண்களுக்கு அது வருவது அபூர்வம். மாசாய் சமூகத்தில் லொய்போன் என்று சடங்கு வைத்தியர்கள் உண்டு, குறி சொல்கிறவர்கள், ரொம்ப மரியாதை உள்ளவர்கள். அவர்களாலும் இதைத் தீர்க்க முடியவில்லை. தீர்த்தது எது என்றால், ஞானஸ்நானம். கோயிலுக்குப் போவதை நிறுத்தினால் திரும்பி வரும் என்பதும் நம்பிக்கை. ஆக, போகக்கூடாது என்று தடுத்த கணவர்களே வேறு வழியில்லாமல் மனைவியை அனுப்ப வேண்டியதாயிற்று.

கேட்டதும் சிலர் சிரிப்பீங்க. பொம்பளைங்க போட்ட நாடகம் என்று அன்றைக்கும் சிலர் சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காலகட்டத்தைப் பாருங்க. முன்பு மாட்டின் மேல் பெண்ணுக்கும் உரிமை இருந்தது, பால் அவள் பொறுப்பு, விவசாயிகளிடம் பண்டமாற்று செய்ததும் அவள்தான். பிரிட்டிஷ் ஆட்சி வந்ததும் வரி கட்டுகிறவன் ஆண், மாட்டுக்குச் சொந்தக்காரன் ஆண், அதிகாரி கூப்பிட்டுப் பேசுவதும் ஆணிடம். போதாததற்கு, 1950-களின் கடைசியில் செரெங்கெட்டியை விட்டு மாசாய் மக்களை வெளியேற்றினார்கள். எல்லாம் ஆட்டம் கண்ட நேரத்தில் பெண்களின் உடம்பு நடுங்கியது. அதை நோய் என்று சொல்லுங்க, ஆவி என்று சொல்லுங்க, அந்த வலி நிஜம்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பிடித்தது. மாசாய் மொழியில் கடவுளுக்குப் பெயர் எங்காய். அதே சொல்தான் மழைக்கும் வானத்துக்கும். அந்த மொழியில் சொல்லின் முன்னொட்டே ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். எங்காய், பெண்பால். ஓர்பேகோ, ஆண்பால்! கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே தினமும் எங்காயை வேண்டிக்கொண்டவர்கள் பெண்கள்தான். பால் கறந்ததும் கொஞ்சம் தெளித்து வேண்டுவார்கள், மழைக்கும் பிள்ளைக்கும் பாடுவார்கள். ஆண்கள் பொதுச் சடங்குகளை நடத்தினார்கள், அன்றாட வேண்டுதல் பெண்களுடையது. அப்போ கடவுளைப் பற்றிப் பேச ஒரு ஆள் ஊருக்குள் வந்தால், இது நம்ம விஷயம் என்று யாருக்குத் தோன்றும்?

மிஷனரிகள் கொண்டுவந்தது "பிதாவே" என்று கூப்பிடுகிற ஜெபம். பெண்கள் அதையும் கற்றுக்கொண்டார்கள். எங்காய் என்ற பெயரையும் விடவில்லை.

பெண்களைக் கேட்டால் அவர்கள் சொன்ன விளக்கம் வேறு. ஓல்டாவ் என்று ஒரு சொல், மனசு, ஆன்மா இரண்டும் சேர்ந்த மாதிரி. அது பெண்களுக்குக் கூடுதலாக இருக்கு, அதனால் நாங்கள் கடவுளுக்குக் கிட்ட என்றார்கள். சுவாரசியம் என்னன்னா, ஆண்களில் பலரும் அதை மறுக்கவில்லை. ஆமா, அவங்களுக்கு அது ஜாஸ்திதான் என்று ஒத்துக்கொண்டுவிட்டு மாடு மேய்க்கப் போனார்கள்.

கோயில் பெண்களுக்கு வேறு ஒன்றையும் கொடுத்தது: கணவன் வீட்டுக்கு வெளியே, மாமியாரும் மருமகளும் பக்கத்து போமாப் பெண்களும் வாரம் ஒரு நாள் கூடி உட்கார ஒரு இடம். பாடுவார்கள், பேசுவார்கள், யாருக்கு என்ன பிரச்சினை என்று விசாரிப்பார்கள். பிரசங்க மேடையில் இருந்தவர் ஆண்தான், அது வேற விஷயம். பாட்டு தொடங்கிவிட்டால் அவர் குரல் கேட்காது.