ஒரே தறி, வேறு அட்டை: தமிழ் வீடுகளில் லினக்ஸ் வந்த கதை

கணினியோடு வரும் இயங்குதளத்தை அதன் உடலோடு பிறந்த உறுப்பாகவே நாம் கருதிவந்திருக்கிறோம். விண்டோஸ் இல்லாத கணினி உயிரில்லாத கணினி என்ற எண்ணம் நன்கு படித்தவரிடமும் உண்டு. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டபோது, இந்த எண்ணம் ஒரு செலவாக உருமாறி வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் இல்லாத கணினிகள், நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தபோதே பழையனவாகிவிட்டன. அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்புவதா, வேறோர் இயங்குதளத்தை நிறுவி ஓட்டுவதா?

கேள்வி புதியதன்று. தமிழ் வீடுகளில் அதற்குக் கால் நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. அதனைப் பிள்ளையார்பாளையத்தில் இருந்துகொண்டு எழுதுவதில் ஒரு வசதியும் இருக்கிறது. கருவி வேறு, கருவியில் ஏற்றப்படும் கட்டளை வேறு என்பதை இவ்வூரார்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அட்டையும் கட்டத்தாளும்

பட்டுத் தறியின் மேலிருக்கும் ஜாக்கார்டு பெட்டியையும் அதில் தொங்கும் அட்டைச் சரத்தையும் வாசகர்கள் பார்த்திருக்கக்கூடும். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி உட்புகும். அதனோடு இணைந்த கொக்கி மேலேறும். கொக்கியில் கட்டிய பாவிழை உயரும். உயர்ந்த இழைக்கு அடியில் ஊடையோ சரிகையோ ஓடும். துளை இல்லாத இடத்தில் பாவு அசையாது நிற்கும். உண்டு, இல்லை என்ற இரண்டே செய்திகளால் மயிலும் அன்னமும் யாளியும் சேலையில் எழுகின்றன. மயிலை விட்டு மாங்காய்க்கு மாற வேண்டுமெனில் தறியை மாற்ற வேண்டியதில்லை, அட்டைச் சரத்தை மாற்றினால் போதும். முன்பு 'அடை' என்னும் நூற்கட்டு முறையால் செய்யப்பட்ட வேலை இது. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜாக்கார்டு 1804இல் உருவாக்கிய பொறி அதனை அட்டைக்கு மாற்றியது. துளையிட்ட அட்டை என்னும் அதே எண்ணத்தைச் சார்லஸ் பாபேஜ் தம் பகுப்புப் பொறிக்கு எடுத்துக்கொண்டார் என்பது கணினி வரலாற்றின் முதற்பாடம்.

இன்னொன்றையும் தறியே சொல்லித்தருகிறது. அட்டைக்கு முன்னால் கட்டத்தாள் இருக்கிறது. வடிவமைப்பாளர் கட்டங்களில் வரைந்த மூலப்படத்தைப் பார்த்தே அட்டையில் துளையிடுகிறார்கள். கட்டத்தாள் கையிலிருந்தால் மயிலின் கழுத்தைச் சற்றே வளைக்கலாம், தோகையில் ஒரு கண்ணைக் கூட்டலாம். அட்டை மட்டும் இருந்தால் நெய்யலாம், திருத்துவது பெரும்பாடு. கடையில் வாங்கும் மென்பொருள் அட்டையை மட்டும் தருவது. கட்டற்ற மென்பொருள் கட்டத்தாளையும் சேர்த்துத் தருவது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் லினக்சின் வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

மூலமும் உரையும்

1983 செப்டம்பர் 27 அன்று ரிச்சர்டு ஸ்டால்மன் அமெரிக்காவிலிருந்து ஓர் அறிவிப்பை வெளியிட்டார். யாவரும் பயன்படுத்தவும் படித்தறியவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தைக் குனு என்ற பெயரில் எழுதப்போவதாக அதில் சொன்னார். அவ்வுரிமைகளைச் சட்ட மொழியில் காக்கும் பொது உரிமம் 1989இல் வந்தது. 1991 ஆகஸ்டு 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு அவர் தம் கருநிரலைக் குனுவின் உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். வீட்டுக் கணினியில் விண்டோசுக்கு மாற்றாக நிற்கக்கூடிய ஒன்று இவ்வாறு உருவாயிற்று.

தமிழ் இலக்கியம் பயின்றவர்க்கு இதில் வியப்பில்லை. தொல்காப்பியத்தின் மூலம் அனைவர்க்கும் பொது. இளம்பூரணர் அதற்கு ஓர் உரை கண்டார். சேனாவரையர் சொல்லதிகாரத்துக்கு வேறோர் உரை கண்டார். நச்சினார்க்கினியர் முன்னோரை மறுத்தும் தழுவியும் எழுதினார். மூலம் பூட்டப்பட்டிருந்தால் இந்த உரைமரபே தோன்றியிராது. ஸ்லாக்வேர், டெபியன், ரெட்ஹேட், உபுண்டு எனப் பலவாகப் பெருகிய லினக்ஸ் வழங்கல்களும் ஒரே மூலத்துக்கு எழுந்த பல உரைகளே.

சாளரத்துக்குப் பெயரிட்டவர்கள்

தொடக்கத்தில் விண்டோசில் தமிழ் எழுத்துருவாக மட்டுமே இருந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டவைத்தோம். ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றோர் எழுத்துருவில் குப்பையாகத் தெரிந்தது. பாமினி, திஸ்கி, டாப், டாம் என்று குறியாக்கங்கள் பிரிந்து நின்ற காலம் அது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், மைக்ரோசாஃப்டின் இயங்குதளங்களுள் விண்டோஸ் 2000இல்தான் ஒருங்குறித் தமிழுக்கு வழி பிறந்தது. அப்போதும் பட்டியல்களும் கட்டளைகளும் ஆங்கிலத்திலேயே நின்றன. மாற்ற விரும்பினாலும் நம் கையில் இருந்தது அட்டைதான், கட்டத்தாள் அன்று.

லினக்சில் அப்படி இல்லை. 1996இல் தொடங்கிய கேடிஇ, 1997இல் தொடங்கிய க்னோம் ஆகிய பணிச்சூழல்களின் சொற்கோப்புகள் எவர்க்கும் திறந்திருந்தன. எவரிடமும் உத்தரவு கேளாமல், ஊதியமும் பெறாமல், தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் குழுக்களில் கூடி அவற்றைத் தமிழாக்கினார்கள். முகுந்தராஜின் 'தமிழா!' குழு, மா. சிவகுமார் முன்னெடுத்த 'ழ கணினி' திட்டம், க்னோமுக்குத் தமிழ் செய்த தினேஷ் நடராஜா ஆகிய பெயர்களை இவ்வரலாறு மறக்கலாகாது. எ-கலப்பை கொண்டு தட்டச்சுப் பழகிய நம் தலைமுறை 'தமிழா!' குழுவுக்கு இரட்டைக் கடன் பட்டது.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல்கள் இலக்கண வகுப்பில் வைத்துப் பேசத்தக்கவை. 'இக்கோப்பை அழிக்கவா?' என்று கணினி கேட்கிறது. கோப்பின் பெயர் என்ன என்பது மொழிபெயர்ப்பவருக்குத் தெரியாது. அந்த இடம் வெறும் குறியாக இருக்கும். ஆங்கிலம் முன்னே ஒரு சொல்லை நிறுத்தி ஒதுங்கிக்கொள்ளும். தமிழோ வேற்றுமை உருபைப் பெயரோடு புணர்த்தியாக வேண்டும். எந்தப் பெயர் வந்து விழும் என்று தெரியாத இடத்தில் எந்தப் புணர்ச்சி விதியைப் போடுவது? 'என்ற கோப்பை' என்று ஒரு பொதுப்பெயரை இடையில் நிறுத்தி உருபை அதன்மேல் ஏற்றுவது அதற்குக் கிடைத்த நல்ல விடை. கோப்பா, இலங்கையில் வழங்கும் கோவையா, அடைவா, கோப்புறையா, சொடுக்கா, அழுத்தமா என்று வாதங்கள் நீண்டன. சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதையில் தென்றல் நுழைந்து வந்த சாளரம், கணினித் திரையில் திறந்து மூடும் சாளரமாக மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. பிற்பாடு மைக்ரோசாஃப்டும் விண்டோசுக்குத் தமிழ் இடைமுகப் பொதியை வெளியிட்டது. தன்னார்வலர்கள் முன்னரே நடந்து தேய்த்த பாதை அது.

வீட்டுக்குள் நடந்தது

இனி வீட்டுக்குள் வருவோம். 1990களின் இறுதியில் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கணினி என்பது பெரும்பாலும் சென்னை ரிச்சி தெருவில் உதிரிகள் வாங்கிக் கோத்த பெட்டி. அதில் விலை கொடாத விண்டோஸ் நகல் ஒன்று இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் லினக்சுக்கு நம் நாட்டில் எதிரி விலையன்று, விலையின்றிக் கிடைத்த விண்டோசே. ஆகையால் இங்கே லினக்சை நாடியவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்க வந்தவர்கள் அல்லர். அறியும் ஆவலால் வந்தவர்கள்.

வட்டுகள் கிடைத்த வழியும் சுவையானது. தொலைபேசி இணைப்பில் அவ்வளவு பெரிய கோப்பை இறக்குவது கனவு. பிசிகுவெஸ்ட் இதழும் 2003இல் தொடங்கிய லினக்ஸ் ஃபார் யூ இதழும் குறுந்தகடுகளை இணைத்துத் தந்தன. உபுண்டுவின் குறுந்தகடுகள் 2005 முதல் 2011 வரை அஞ்சல் செலவுகூட இன்றி வீட்டுக்கே வந்தன. குறுந்தகட்டிலிருந்தே இயங்கி, வன்தட்டைத் தொடாமல் வெளியேறும் க்னாப்பிக்ஸ், அஞ்சியவர்க்கு முன்னோட்டம் காட்டியது.

அச்சத்துக்குக் காரணம் இருந்தது. வன்தட்டைப் பாகம் பிரிக்கையில் கை தவறினால் குடும்பத்தின் ஒளிப்படங்களும் கணக்குகளும் போய்விடும். பாகம் பிரிந்ததும் லிலோ, பின்னாளில் க்ரப் என்னும் சிறுநிரல், கணினி விழித்ததும் எந்த இயங்குதளம் வேண்டுமென்று கேட்கும். இவ்வளவும் கடந்து உள்ளே போனால் மோடம் பேசாது. பெட்டிக்குள் செருகும் மலிவான மோடங்கள் தம் வேலையில் பாதியை விண்டோசின் தலையில் ஏற்றிவைத்தவை. லினக்சில் பல ஊமையாயின. தமிழும் முதலில் தள்ளாடியது. கொம்பு எழுத்துக்கு முன் நிற்காமல் பின்னே விழுந்து கிடந்ததை நாம் பல இரவுகள் பார்த்திருக்கிறோம். பாங்கோ போன்ற எழுத்துக்கோப்பு நிரல்கள் தேறியபின் கொம்பு தன் இடத்துக்கு வந்தது. 2005க்குப் பின் அகலப்பட்டை பரவ, வெளியே வைக்கும் மோடங்கள் வந்து இணையச் சிக்கலும் அகன்றது.

இந்தத் தடைகளைத் தனியாகத் தாண்டியவர் மிகச் சிலர். 1998இல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் சென்னை ஐஐடியில் கூடியது. கேள்வியோடு வந்தவர் விடையோடு திரும்ப முடிந்தது.

பட்டியலில் இரண்டு வரிகள்

2000களின் பிற்பாதியில் அரசும் களத்துக்கு வந்தது. சி. உமாசங்கர் தலைமையில் இருந்த எல்காட் நிறுவனம் தன் கணினிகளை லினக்சுக்கு மாற்றியது. டெபியனை அடியாகக் கொண்டு சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாரத் இயங்குதளம், சுருக்கமாகப் பாஸ், 2007 சனவரியில் வெளிவந்தது. அதன்பின் நிகழ்ந்தது மிகப் பெரிது. காஞ்சியில் பிறந்த அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15 அன்று, 2011இல், முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். முதலாண்டுக்கு மட்டும் திட்டமிட்ட எண்ணிக்கை 9 லட்சத்துக்கு மேல். அம்மடிக்கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்சும் இரண்டும் இருந்தன. நெசவாளர் வீட்டு மாணவரும் கணினியைத் திறந்ததும் திரையில் இரண்டு வரிகளைப் பார்த்தார்.

வரலாற்றில் இவ்வளவு வீடுகளுக்கு இப்படியொரு தேர்வு ஒரே நேரத்தில் வழங்கப்பட்டது அரிது. ஆனால் நடந்தது என்ன? நம் வகுப்பு மாணவர்களிடம் நாம் கண்டது இதுதான்: இரண்டாம் வரியை அவர்கள் தொடவில்லை. படத்துக்கும் பாட்டுக்கும் இடம் போதாதபோது அந்தப் பாகத்தையே அழித்தார்கள். அதைக் குற்றமென்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. பாடநூலில் அது இல்லை; ஆய்வகத்தில் இல்லை; காட்டித்தர ஆசிரியரும் இல்லை. கோத்துக் கட்டாத அட்டைச் சரம் பெட்டியில் கிடந்தால் தறியில் மயில் எழுமா?

பக்கத்திலுள்ள கேரளம் வேறு வழியில் சென்றது. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. பாடமும் தேர்வும் அதிலேயே நடந்தன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. தமிழ்நாடு தந்தது கருவி. கேரளம் தந்தது கருவியோடு கற்பிக்கும் ஆளையும்.

பக்கத்தில் அமர்பவர்

இங்கும் ஆள்கள் இல்லாமற் போய்விடவில்லை. 2012 சனவரியில் 'கணியம்' மின்னிதழ் தொடங்கிக் கட்டற்ற மென்பொருளை எளிய தமிழில் எழுதிவந்தது. காஞ்சிபுரத்திலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று அமைந்து, ஆர்வமுள்ள எவரும் தமிழில் கேட்டுத் தெளியக்கூடிய உரையாடல்களை நடத்திவந்திருக்கிறது. இவர்களிடம் அரசின் 9 லட்சம் கணினிகள் இல்லை. ஆனால் அக்கணினிகளோடு சேர்ந்து வராத ஒன்று இவர்களிடம் இருந்தது.

ஆண்ட்ராய்டு கைபேசியின் அடியிலும் லினக்ஸ் கருநிரலே ஓடுகிறது. மடிக்கணினியில் அதனை அழித்த மாணவர் கைபேசியில் நாள்தோறும் அதனைத் தடவிக்கொண்டிருக்கிறார். எனினும் அங்கே இயங்குதளத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை பெரும்பாலும் பூட்டிக்கிடக்கிறது. வீட்டுக் கணினி ஒன்றுதான் அந்த உரிமை இன்னும் நம் கையில் எஞ்சியிருக்கும் இடம். 2025–26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்க்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக அறிவித்தது. விண்டோஸ் 10இன் முடிவால் பழைய கணினிகளும் வீட்டில் சும்மா கிடக்கின்றன. 2011இல் கேட்கப்படாத கேள்வியை மறுபடி கேட்க இது தக்க தருணம். எந்த இயங்குதளம் என்பதைக் காட்டிலும், அதனை யார் உடனிருந்து சொல்லித்தருவது என்பதே அக்கேள்வி.

கோர்வைச் சேலையின் கரை தனி நிறம், உடல் தனி நிறம். இரண்டும் பிரியாமல் இணைய, நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். தறியும் அட்டையும் எவ்வளவு சிறந்தனவாயினும், பக்கத்தில் ஆள் இல்லையெனில் கோர்வை இல்லை. தமிழ் வீடுகளில் லினக்ஸ் எங்கெல்லாம் நிலைத்ததோ அங்கெல்லாம் அப்படியொருவர் பக்கத்தில் அமர்ந்திருந்தார்.